லயத்துக்கே மச்சான்

“ஏ மச்சான்! மேக்கால கறுத்துக்கிட்டு வருது பாரு, உன் பொண்டாட்டி கோவத்துல வர்ற மாதிரி! ஓடியா, ஓடியா! ஏ மாமா, சுருட்டு எங்கேயும் போயிறாது, கூடையை எடுங்க! கொழுந்தியா, உன்னையத்தான், கொண்டை போட்டது போதும், இங்க யாரும் பொண்ணு பாக்க வரல்லே, வா!”

களத்து நடுவில் நின்று, இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு அழகையா இப்படிக் கூப்பிட ஆரம்பித்தால், மழை மலையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இலங்கையின் கண்டிச் சீமையில், வத்தேகமப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில், கழுவிய கோப்பிக் கொட்டையை வெயிலில் பரப்பிக் காயவைக்கிற களம் அது. ஒரு பாட்டம் மழை நனைத்தால் போதும், கொட்டை நிறம் மாறிப் பூசணம் பிடித்துப்போகும். துரை குதிப்பார். துரை குதித்தால் கங்காணி அதைவிட உயரமாகக் குதிப்பார். ஆகவே தூறல் விழுவதற்குள் அத்தனையையும் அள்ளி ஸ்டோருக்குள் சேர்த்துவிட வேண்டும். வேறு யாராவது கூப்பிட்டால் சனம் முனகிக்கொண்டே வரும். அழகையா கூப்பிட்டால், அவரிடம் கேலி வாங்கியவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிவருவார்கள்.

கட்டையான ஆள். முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டி, காதில் பாதி புகைத்த சுருட்டு, தோளில் எந்தக் காலத்திலோ கறுப்பாக இருந்த கம்பளி. முகம் நிறைய அம்மைத் தழும்பு. பேரோ அழகையா. புதிதாக வந்தவன் எவனாவது முகத்தையும் பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கினால், அவரே எடுத்துக்கொடுப்பார்: “எங்காத்தா பேரை முதல்ல வச்சிட்டா, அம்மை பின்னாடிதான் வந்துச்சு. அதுக்காகப் பேரைத் திருப்பிக் குடுக்கவா முடியும்? நல்லாச் சிரிச்சுக்கப்பா.” அதோடு அந்தப் புது ஆளின் கூச்சம் போய்விடும்.

வீட்டில் ஒரு சேவல் வளர்த்தார். அதற்குக் கங்காணி என்று பேர். “வேலை ஒண்ணும் செய்யாது. ஆனா விடியுமுன்னே எல்லாரையும் எழுப்பிவிட்டுட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கும்” என்று காரணமும் சொல்வார். பெரிய கங்காணி காதுக்கு இது போகாமல் இருக்குமா? ஒருநாள், தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் வந்து நின்று, “எங்கடா அந்தச் சேவல்?” என்று உறுமினார். அழகையா கைகட்டிக்கொண்டு, “நேத்துத்தான் அதுக்குப் பேரை மாத்திட்டேனுங்க. கொஞ்ச நாளா அது வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு” என்றார். லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெரிய கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகவேகமாக நடந்துபோனார். போகும்போது அவர் தோள் குலுங்கியதை அழகையாவின் மனைவி அங்கம்மா பார்த்திருக்கிறாள்.

ஊர் முழுவதையும் வறுத்தெடுக்கிற வாய், அங்கம்மாவிடம் மட்டும் பதமாகத்தான் பேசும். கோப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையில் நின்று நின்று அவள் கால் வீங்கி வந்தால், வெந்நீர் வைத்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவள் காலை இழுத்துக்கொள்வாள். “இழுக்காதே. பாக்கட்டும். பாத்துட்டு அவனவன் வீட்டுல போயி வெந்நி வைக்கட்டும்” என்பார். பெண்பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துத் தலைவாரி விடுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கண்டிப் பட்டணத்துக்கு நடந்துபோய்த் திரும்பினால், மடியில் தின்பண்டம் இருக்கிறதோ இல்லையோ, வாயில் ஒரு செய்தி இருக்கும். “வாவியில ஒரு ஆமை தலையை நீட்டி உங்களையெல்லாம் விசாரிச்சுச்சு. சின்னவளுக்குச் சளி தேவலையான்னு கேட்டுச்சு.” சின்னவள் அந்த ஆமைக்குப் பதில் சொல்லி அனுப்புவதற்காக அடுத்த ஞாயிறுவரை காத்துக்கிடப்பாள்.

கோப்பி மூட்டை ஏற்ற வருகிற வண்டிக்கார முஹைதீன் அவருக்கு மாமா. முன்னே கடுகண்ணாவை இறக்கத்தில் கொழும்புவரைக்கும் வண்டி ஓட்டியவர். கண்டிக்கு ரயில் வந்த பிறகு ஸ்டேஷனோடு அவர் பயணம் முடிந்துபோனது. அந்த வருத்தம் அவருக்கு உண்டு. அழகையா அதை வருத்தமாகவே இருக்க விடமாட்டார். “ரயிலு கடுகண்ணாவை ஏத்தத்துல மூச்சு வாங்குறதைப் பாத்தீங்களா மாமா? நம்ம மாடுதான் மேலு. புல்லைத் தின்னுட்டுப் பேசாம ஏறும். அது கரியைத் தின்னுட்டு ஊரையே கூட்டுது.” முஹைதீன் தாடியைத் தடவிக்கொண்டு சொல்வார்: “மருமகன், ஒங்கட வாய்க்குப் பூட்டொண்டு கண்டிக் கடையில இரிக்கி. அடுத்த வாட்டி வாங்கிட்டு வாரன்.”

முஹைதீன் எப்படி மாமா ஆனார் என்று கேட்கக் கூடாது. அழகையா ஆக்கினார், அவ்வளவுதான். அந்த லயத்தில் இருந்த சனம் எல்லாம் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. புதுக்கோட்டைப் பக்கத்தான் ஒருவன், துறையூரான் ஒருவன், மதுரைச் சீமையிலிருந்து ஒரு குடும்பம். யாருக்கும் யாரும் ஒன்றுமில்லை. புதிதாக ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினால், அன்று பொழுது சாய்வதற்குள் அழகையா அவர்களுக்கு முறை வைத்துவிடுவார். அதுவும் கேலி பேசுகிற முறையாகத்தான் பார்த்து வைப்பார். மச்சான், மாமா, மாப்பிள்ளை, கொழுந்தியா. “அண்ணன், சித்தப்பான்னு வச்சா என்னா பேச முடியும்? ஆளுக்கொரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உம்முன்னு உக்காந்திருக்கணும். மச்சான்னா, கையை நீட்டி ஒரு அடி அடிக்கலாம், ரெண்டு வாங்கலாம்” என்பது அவர் கட்சி. அப்படிப் பேசிப்பேசியே, மலை ஊற்று விழுகிற பீலிக்கரையில் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள்கூட ஒரே வீட்டுச் சனம் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அத்தனை பேரிலும் தம்பி ஒருவன்தான். கறுப்பையா.

களத்தில் அழகையாவோடு கூடவே நின்று கொட்டை தள்ளுகிறவன். அதிகம் பேசாதவன். மழைக்காகக் கூப்பிடும்போது எல்லாரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கறுப்பையா நிற்கிற பக்கம் திரும்பும்போது மட்டும் அழகையாவின் குரல் இறங்கிவிடும். “தம்பி, வாப்பா.” வேறொன்றும் சொல்லமாட்டார். ஒருதரம் கறுப்பையாவே கேட்டான், “ஏண்ணே, எல்லாரையும் பேசுறீங்க, என்னைய மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்று. “நீ தம்பிடா” என்றார் அவர், இதையெல்லாம் கேட்பார்களா என்கிற மாதிரி.

அந்தத் தம்பி, சும்மா வாய் வார்த்தையாக வந்த தம்பி இல்லை. கண்டிக்கு ரயில் வருவதற்கு வெகு முன்னால், பெரிய கங்காணி கூட்டிவந்த கூட்டத்தோடு கறுப்பையாவும் அவன் அண்ணனும் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து வந்தார்கள். தம்புள்ளைப் பக்கம் வரும்போது அண்ணனுக்கு வாந்திபேதி. ஒரு பகலுக்குள் முடிந்துவிட்டது. நின்றால் கூட்டத்தையே நோய் வாரிக்கொண்டு போகும் என்று கங்காணி மற்றவர்களை ஓட்டிக்கொண்டு நடந்தார். கறுப்பையா அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு அம்மைத் தழும்புக்காரர் மட்டும் மனைவியோடு திரும்பி வந்தார். அதற்கு முன்னால் அவனோடு ஒரு வார்த்தை பேசியிராதவர். “எந்திரி தம்பி. அண்ணனை இப்படிக் கிடக்க விடலாமா? பள்ளம் தோண்டுவோம்” என்றார்.

மாத்தளைக்கு வந்து கூட்டத்தோடு சேர்ந்த பிறகு, ஆற்றங்கரையில் கறுப்பையா மொட்டை போட உட்கார்ந்தான். பக்கத்தில் அழகையாவும் உட்கார்ந்தார். “நீ எதுக்குய்யா போடறே? செத்தது உனக்கு யாரு?” என்றார் கங்காணி. “ஒத்தை ஆளு மொட்டை போட்டா, செத்தவனுக்கு நாதியே இல்லேன்னு ஆயிருமுங்க. இவன் என் தம்பி. அப்போ செத்ததும் என் பொறப்புத்தானே?” மொட்டை போட்டு முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “பேன் தொல்லை விட்டுச்சு. அங்கம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார். கறுப்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே ஓவென்று அழுதான். அண்ணன் செத்த பிறகு அவன் அழுதது அப்போதுதான்.

அன்றைக்குப் பிடித்த கையை அழகையா விடவில்லை. கறுப்பையாவுக்கு வீரம்மாவைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்தது அவர். ரத்தினம்மா பிறந்தபோது லயம் முழுவதும் ஓடி, “எனக்கு மக பொறந்திருக்கா” என்று சர்க்கரை கொடுத்தது அவர். அந்தப் பிள்ளை பெரியப்பா, பெரியப்பா என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டே வளர்ந்தது.

இந்த இடத்தில்தான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

அழகையாவின் மகன் கணபதி பல்லேகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில வருஷம் வேலைசெய்துவிட்டு, வாட்டசாட்டமான ஆளாகத் திரும்பி வந்தான். வந்து கொஞ்ச நாளில் அங்கம்மா புருஷனிடம் கேட்டாள்: “உங்க மகன் பீலிக்கு எத்தனை தரம் குளிக்கப் போறான்னு பாத்தீங்களா?”

“சுத்தமா இருக்கான், விடு.”

“சுத்தமாவது ஒண்ணாவது. அங்க ரத்தினம்மா தண்ணி எடுக்க வர்றா.”

“அடி சக்கை!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் அழகையா. தட்டிய கை அப்படியே நின்றது. “ரத்தினம்மா எனக்கு மக முறையில்ல?”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் புள்ள சின்ன வயசுலேருந்து இவனை ஒருநாளும் அண்ணன்னு கூப்பிட்டதில்லே. ‘இந்தா’ம்பா, ‘இங்க பாரு’ம்பா. அவ்வளவுதான்.”

ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. கொடுத்து வாங்கக்கூடிய சனம்தான். ஆனால் அண்ணன் தம்பி என்று ஊரறிய வாழ்ந்தாகிவிட்டது. அழகையா அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. “என் வாயாலயே கெடுத்துட்டேனே அங்கம்மா. ஊரையெல்லாம் மச்சான்னு கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட வேண்டிய ஒருத்தனைத் தம்பின்னு கூப்பிட்டுட்டேனே” என்று புலம்பினார். மறுநாள் கறுப்பையாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு இதற்கு மேல் நல்ல இடம் கிடைக்காது என்று வீரம்மாவுக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனையே பார்த்தாள். கறுப்பையா வெகுநேரம் களத்துப் பலகையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில், “புள்ளைங்க நல்லா இருக்கட்டும். நீங்க சொன்னாச் சரிண்ணே” என்றான். இனிமேல் அண்ணே என்று கூப்பிட முடியாது என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பெரிய கங்காணி லேசில் விடவில்லை. மாரியம்மன் கல்லுக்கு முன்னால் இருவரையும் நிறுத்தினார். “ரத்தமில்லேதான், யாரு இல்லேன்னா? ஆனா மாத்தளை ஆத்துல நீ மொட்டை போட்டதை இந்தக் கண்ணால பாத்தவன் நானு. சாவுக்கு மொட்டை போட்டவன் பங்காளியில்லாம வேற யாரு? பங்காளிக்குள்ள பொண்ணு எடுத்தா நாலு தோட்டத்துச் சனம் காறித் துப்பும்.”

“அதை மாத்திக்கிறோமுங்க” என்றார் அழகையா.

“மாத்திக்கிறதுன்னா முழுசா மாத்திக்கணும். இன்னியிலேருந்து நீங்க மச்சான் முறை. நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான். தை பொறக்கட்டும், பாப்போம். அதுக்குள்ள வாய் தவறி ஒருதரம் தம்பின்னு வந்தாலும் கல்யாணப் பேச்சு முறிஞ்சது. சூடத்தை அணைங்க.” இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

சொன்னால் நம்புவது கஷ்டம். லயத்தையே மச்சான் என்று கூப்பிட்ட அந்த வாய்க்கு, இந்த ஒரு ஆளை மட்டும் மச்சான் என்று கூப்பிட வரவில்லை. பீலியில் தலைக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, “மச்சான், மச்சான்” என்று தனக்குத்தானே சொல்லிப் பழகுவார். அங்கம்மா பார்த்துச் சிரித்தால், “சிரிக்காதேடி, நாக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது” என்பார். கறுப்பையாவை நேரில் கண்டால் பேச்சையே மாற்றி, இருமி, தலையைச் சொறிந்து, ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார். இருவரும் ஒரே களத்தில் நின்றுகொண்டு பேசாமலே நாளைக் கடத்தினார்கள்.

கார்த்திகை மாதத்துப் பகல் ஒன்றில், களம் முழுக்கக் கொட்டை பரந்து கிடக்கும்போது, மேகம் திரண்டு வந்தது. அன்று பார்த்துப் பெரிய கங்காணியும் குடையை ஊன்றிக்கொண்டு ஓரத்தில் நின்றார். அழகையா கையைக் குவித்தார். “ஏ மச்சான், ஓடியா! மாமா, கூடை! கொழுந்தியா, ஆடி அசைஞ்சு வராதே, இது தேரில்லே!” சனம் சிரித்துக்கொண்டு நாலா பக்கமிருந்தும் வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், பழகின பழக்கத்தில், ஸ்டோர் வாசலில் நின்ற கறுப்பையா பக்கம் திரும்பினார். குரல் தானாக இறங்கியது. வாய் திறந்தது.

கறுப்பையாவுக்கு அந்த உதடு தெரியும். வரப்போகிற சொல் என்னவென்று தெரியும். மனசின் ஒரு மூலை, வரட்டுமே என்றது. வந்தால் கல்யாணம் நின்றுபோகும், அண்ணன் அண்ணனாகவே இருப்பார். உலகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே உடன்பிறப்பு அது. இந்தப் பக்கம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தினம்மா இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“இந்தா வந்துட்டேன் மச்சான்!” என்று கறுப்பையா முந்திக்கொண்டு கத்தினான். அந்தக் களத்தில் அவன் அவ்வளவு உரக்கக் கத்தியதை யாரும் கேட்டதில்லை. “முதல்ல உங்க மூஞ்சியைத் துணியைப் போட்டு மூடுங்க! அந்தக் குழியில மழை தேங்குச்சுன்னா அப்புறம் யாரு எறைக்கிறது?”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு களமே வெடித்துச் சிரித்தது. பெரிய கங்காணிகூடக் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். அழகையா மட்டும் திறந்த வாயோடு நின்றார். அப்புறம் அவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தரையில் உட்கார்ந்தே சிரித்தார். எழுந்தபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தது. மழை அப்போது இன்னும் விழ ஆரம்பித்திருக்கவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. அழகையா மஞ்சள் தண்ணீரை வாளிவாளியாகக் கொண்டுவந்து லயத்து மச்சான்மார் ஒருவரையும் விடாமல் குளிப்பாட்டினார். முஹைதீன் மாமா இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாரத்துக்கும் அன்று தப்பிக்க வழி இல்லாமல் போயிற்று. கறுப்பையாவின் முன்னால் வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, விரலை மட்டும் நனைத்து அவன் உச்சந்தலையில் லேசாகத் தொட்டார். “மச்சானுக்குத் தடிமன் பிடிச்சிரும்” என்று சுற்றி நின்றவர்களுக்குக் காரணமும் சொல்லிக்கொண்டார். ரத்தினம்மா முதல்தரம் அவரை மாமா என்று கூப்பிட்டபோது வெட்கத்தில் ஓடிப்போனாள். “பெரியப்பாவை விட மாமா சின்ன வார்த்தை. எனக்கு நஷ்டம்தான்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் இருவரும் கேலி பேசுகிறதைக் கேட்கவே சனம் களத்தைச் சுற்றி நிற்கும். கறுப்பையாவுக்கும் வாய் வந்துவிட்டது. அழகையா ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போனால் மட்டும் கொஞ்சநேரம் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “அண்ணனா இருந்தா என்ன, மச்சானா இருந்தா என்ன? ஆளு அதே ஆளுதானே?” என்பாள் வீரம்மா. அது சரிதான். ஆனால் ஒருதரம், யாருமில்லாத இடத்திலாவது, தம்பி என்று கூப்பிடமாட்டாரா என்று அவன் காது காத்துக்கொண்டே இருந்தது. அழகையா கூப்பிடவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் அவர் விளையாடுகிற ஆள் இல்லை.

கோப்பி இலைகளில் மஞ்சள் பொடி பூத்து, மரம் மரமாக இலை உதிர ஆரம்பித்தது. துரைமார் வந்து வந்து பார்த்தார்கள். சனம் மூட்டையைக் கட்டத் தொடங்கியது. “ஒண்ணும் பயப்படாதீங்க. கோப்பிக்கும் அம்மை வாத்திருக்கு. நான் பொழைச்சேனே, அது பொழைக்காதா?” என்று அழகையா எல்லாருக்கும் தைரியம் சொன்னார். மரமும் பிழைக்கவில்லை, அவரும் படுத்துவிட்டார். இருமல், நெஞ்சுச் சளி, பிறகு எழுந்திருக்க முடியாத காய்ச்சல்.

கறுப்பையா தினமும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். கஞ்சியை ஊட்டிவிட்டான். “மச்சான்,” என்றார் ஒருநாள், மூச்சு வாங்க வாங்க. “நான் போனா சம்பந்தி கோடி நீதான் போடணும். முஹைதீன் மாமாகிட்டச் சொல்லிக் கண்டியில நல்ல துணியா எடு. உன் வேட்டி மாதிரி ஓட்டையா எடுத்துறாதே. அங்க போயி நான் நாலு பேரைப் பாக்க வேண்டாமா?” அங்கம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். கறுப்பையா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் மூடுகிற வரைக்கும் பார்த்தான். அந்தச் சொல் வரவில்லை.

முஹைதீன் கொண்டுவந்த துணி பால்போல வெள்ளையாக இருந்தது. வாசலில் வண்டியை விட்டு இறங்கியவர், “பூட்டு வாங்கி வாரன் எண்டு சொன்னேனே மருமகன், நீங்களே பூட்டிட்டீங்களே” என்று விம்மினார். லயத்துச் சனம் அவர் சொன்னதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, சிரித்த வாயாலேயே ஒப்பாரி வைத்தது. மச்சான்மார் பாடை கட்டினார்கள், மாமன்மார் மூங்கில் வெட்டி வந்தார்கள், கொழுந்தியாமார் மாரடித்தார்கள். “வீடு நெறையச் சனம் வந்திருக்கு, ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லாமப் படுத்திருக்கீங்களே” என்றாள் அங்கம்மா. கறுப்பையா சம்பந்தி முறைக்குக் கோடித் துணியை விரித்து, அவர் மேல் போட்டு, ஓரங்களைச் சரிசெய்து இழுத்துவிட்டான்.

அடக்கத்துக்கு ஓடைக்கரைக்குப் போனார்கள். கணபதி கல்லில் உட்கார்ந்தான். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “பங்காளிங்க எல்லாம் வரிசையா வந்து உக்காருங்க” என்றார். யாரும் வரவில்லை. “எங்கய்யா, பங்காளி யாரு?” என்று மறுபடியும் கேட்டார். கரை நிறைய ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பேரும் மச்சான், அத்தனை பேரும் மாமா, மாப்பிள்ளை. கேலி பேச வாகாக இருக்கட்டும் என்று அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொந்தத்தில், தலையைக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. கணபதி தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

கறுப்பையா சம்பந்தி வரிசையில், பெரிய கங்காணிக்குப் பக்கத்தில் நின்றான். மெள்ளத் தலைப்பாகையை அவிழ்த்தான்.

“கறுப்பையா,” என்றார் கங்காணி தாழ்ந்த குரலில். அவருக்கும் வயதாகியிருந்தது. “சூடம் அணைச்சிருக்கே.”

“ஆமாங்க” என்றான் கறுப்பையா. போய்க் கணபதிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். ஓடைத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளித் தலையில் விட்டுத் தேய்த்துக்கொண்டு, நாவிதருக்கு முன்னால் குனிந்தான்.